மாத்திரையை நிறுத்தச் சொல்லும் முன்

அன்புள்ள தம்பி,

நீ கேட்டதற்குப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு. அந்த அம்மாவுக்கு ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரையான அசிட்ரோமை நிறுத்தாதே. மைட்ரல் இடத்தில் உலோக வால்வு, கூடவே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், இப்போது துடிப்பு குறைந்து தலைசுற்றல், ஐ.என்.ஆர். 2.8. இந்த நிலையிலேயே பேஸ்மேக்கரைப் பொருத்து. நடுவில் ஹெப்பாரின் வேண்டாம்.

உன் மருத்துவமனையில் பெரியவர் ஒருவர், “ஐந்து நாளைக்கு முன்னால் மாத்திரையை நிறுத்து, மூன்று நாள் க்ளெக்ஸேன் ஹெப்பாரின் ஊசி போடு, ஆபரேஷன் முடிந்த மறுநாள் ஊசியைத் திரும்ப ஆரம்பி” என்றதாக எழுதியிருக்கிறாய். அவர் மேல் கோபப்படாதே. எங்கள் தலைமுறைக்கு அதைத்தான் பாடமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். கத்தி வைக்கும்போது ரத்தம் உறையாவிட்டால் ஆபத்து. உறைய விட்டால் வால்வில் கட்டி சேரும். ஆகவே சட்டென்று வேலை செய்து சட்டென்று விலகும் ஹெப்பாரினை இடைவெளியில் கொடு. கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பார்! இவ்வளவு நியாயமாகத் தோன்றியதால்தான் நெடுங்காலம் யாரும் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை.

சோதித்தவர்கள் கனடாக்காரர்கள். ஒட்டாவாவைச் சேர்ந்த டேவிட் பர்னி தலைமையில் நடந்த ‘புரூஸ் கன்ட்ரோல்’ ஆய்வு 2013இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. பேஸ்மேக்கரோ டிஃபிப்ரிலேட்டரோ தேவைப்பட்ட 681 பேர், எல்லோரும் ரத்தக்கட்டி ஆபத்து கூடுதலாக இருந்து வார்ஃபரின் எடுத்துக்கொண்டிருந்தவர்கள். ஒரு பாதியினருக்கு மாத்திரையை நிறுத்தி ஹெப்பாரின் கொடுத்தார்கள். மறு பாதியினருக்கு மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும்போதே அறுவை செய்தார்கள். சாதனம் வைத்த பாக்கெட்டில் தொல்லை தரும் அளவுக்கு ரத்தம் தேங்கியது ஹெப்பாரின் பக்கம் நூற்றுக்கு 16 பேருக்கு. மாத்திரையை நிறுத்தாதவர்களில் நூற்றுக்கு 3.5 பேருக்கு. வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருந்ததால் ஆய்வை நடுவிலேயே முடித்துக்கொண்டார்கள்.

தொல்லை தரும் அளவு என்றால் என்ன என்று நீ கேட்க வேண்டும். இங்கே அதற்கு நல்ல வரையறை வைத்திருந்தார்கள்: திரும்பத் திறந்து சுத்தம் செய்ய வேண்டியிருந்தால், அல்லது மருத்துவமனையில் கூடுதல் நாள் தங்க நேர்ந்தால், அல்லது ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரையையே நிறுத்த வேண்டி வந்தால். வெறும் நீலம் பாரித்த தோலை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. கடைசி நிபந்தனையைக் கவனி. கட்டி வரக் கூடாது என்று ஊசி போட்டோம். அந்த ஊசியால் ரத்தம் தேங்கியது. தேங்கியதால் மாத்திரையைத் தள்ளிப்போட்டோம். கடைசியில் நோயாளி பாதுகாப்பில்லாமல் கழிக்கும் நாட்கள் கூடின.

இது ஏன் இப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் எண்களை மறந்தாலும் பரவாயில்லை. வீடு கட்டும்போது நல்ல பிளம்பர் என்ன செய்வார்? சுவரைப் பூசுவதற்கு முன் குழாயில் முழு அழுத்தத்தில் தண்ணீர் விட்டுப் பார்ப்பார். கசிவு இருந்தால் அப்போதே தெரியும், அங்கேயே அடைப்பார். மாத்திரையோடு அறுவை செய்வது அதுதான். கசியக்கூடிய ஒவ்வொரு சிறு நாளமும் நீ தையல் போடுவதற்குள் கசிந்து காட்டிவிடும். உன் கையில் காட்டரி இருக்கிறது, நூல் இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது. ஹெப்பாரின் வழியிலோ, நீ வேலை செய்யும் நேரத்தில் ரத்தம் இயல்பாக உறைகிறது. பாக்கெட் உலர்ந்து அழகாகத் தெரிகிறது, மூடிவிட்டு வருகிறாய். மறுநாள், உறைந்த ரத்தம் இன்னும் பிடிப்பில்லாமல் இருக்கும்போது, முழு அளவு ஊசி உள்ளே போகிறது. கசிவு ஆரம்பிக்கும்போது நீ வேறொரு ஆபரேஷனில் இருப்பாய். இரண்டாம் நாள் காலை ரவுண்ட்ஸில் நர்ஸ் கட்டைத் தூக்கிக் காட்டுவார்.

ஆய்வின் குறையையும் சொல்லிவிட வேண்டும். நடுவில் நிறுத்தப்பட்ட ஆய்வுகள் பலனைக் கொஞ்சம் மிகைப்படுத்திக் காட்டும் என்பது உனக்குத் தெரியும். இதில் பக்கவாதம் அபூர்வமாகவே வந்ததால், அதைப் பற்றி இந்த ஆய்வு எதையும் தீர்த்துச் சொல்லவில்லை. உலோக வால்வுக்காரர்கள் சிறு பங்குதான், சராசரி வயது எழுபதுக்கு மேல். அவர்கள் கொடுத்தது வார்ஃபரின், நாம் அதிகம் எழுதுவது அசிட்ரோம். இத்தனைக்குப் பிறகும் முடிவு நிற்கிறது என்பதே என் எண்ணம், ஏனென்றால் காரணம் வயதையோ மாத்திரையின் பெயரையோ பொறுத்ததில்லை. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2021 பேஸ்மேக்கர் வழிகாட்டுதலும் ஹெப்பாரின் இடைச்செருகலைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே வெளிப்படையாக எழுதிவிட்டது. உன் பெரியவரிடம் வாதாடாதே. அந்தப் பக்கத்தை அச்செடுத்து அவர் மேசையில் வைத்துவிட்டு வா.

பாக்கெட்டில் ரத்தம் தேங்கினால் என்ன, கரைந்து போகாதா என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். பெரும்பாலும் கரைந்துதான் போகும். கரையாத சிலவற்றுக்காகத்தான் இந்தப் பாடு. தேங்கிய ரத்தம் கிருமிக்குச் சாப்பாடு. அதே கனடா ஆய்வின் நோயாளிகளை ஒரு வருடம் பின்தொடர்ந்து பார்த்ததில், ரத்தம் தேங்கியவர்களில் நூற்றுக்கு 11 பேருக்குத் தீவிரத் தொற்று வந்தது. தேங்காதவர்களில் 1.5 பேருக்கு மட்டுமே. பாக்கெட்டில் தொற்று வந்தால் மருந்து கொடுத்து ஆற்றிவிடலாம் என்று நினைக்காதே. பெட்டியோடு இதயத்துக்குள் போயிருக்கும் வயர்களையும் உருவ வேண்டும். வருடக்கணக்கில் சதையோடு ஒட்டிப்போன வயர் என்றால் அது தனி வித்தை, உயிருக்கே ஆபத்தான வித்தை. அதுவரை தற்காலிக வயரில் படுத்திருக்க வேண்டும், வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக், பிறகு மறுபக்கம் புதுச் சாதனம். செலவைக் கேட்டால் குடும்பம் நகையை அடகு வைக்கப் போகும். இதையெல்லாம் நினைத்துத்தான் ஆய்வுக்காரர்கள் பாக்கெட்டைப் பார்த்தார்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பதற்கு வருகிறேன். மாத்திரையை நிறுத்தச் சொல்வதை நாம் எல்லோரும் எச்சரிக்கை என்று நினைக்கிறோம். அது பல சமயம் நம்மைக் காப்பாற்றிக்கொள்ளும் ஏற்பாடு. கணக்கு எப்படி எழுதப்படுகிறது பார். பாக்கெட்டில் ரத்தம் தேங்கினால் அது உன் வார்டில், உன் தையலுக்குக் கீழே, உன் பெயரில் வருகிறது. மருத்துவமனைக் கூட்டத்தில் உன்னைத்தான் கேட்பார்கள். மாத்திரையை நிறுத்தியதால் வந்த கட்டி அப்படி வராது. நோயாளி வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் கழித்து ஒரு விடியற்காலை வாய் கோணி, கை தூக்க முடியாமல் வேறொரு ஊரின் அவசரப் பிரிவில் சேர்வார். நியூராலஜி வார்டில் இன்னொரு டாக்டரின் நோயாளி ஆவார். உனக்குத் தகவல்கூட வராமல் போகலாம். கண்ணால் பார்க்கும் ரத்தத்துக்கு நாம் கொடுக்கும் மதிப்பை, பார்க்காத கட்டிக்குக் கொடுப்பதில்லை. நிறுத்தச் சொல்லிப் பேனாவை எடுக்கும்போதெல்லாம், இந்த முடிவு தப்பினால் யார் வார்டில் போய் விழும் என்று ஒரு தடவை கேட்டுக்கொள்.

பயத்துக்கு வேர் இல்லாமல் இல்லை. வார்ஃபரின் வகை மருந்தின் பிறப்பே ரத்தப்போக்கில்தான். 1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் பூசணம் பிடித்த தீவனம் தின்ற மாடுகள், கொம்பு நீக்கினாலோ காயடித்தாலோ ரத்தம் நிற்காமல் செத்தன. விஸ்கான்சினில் கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளர் அந்தத் தீவனத்தில் இருந்த பொருளைப் பிரித்தெடுத்தார். அந்த வழியில் வந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாகத்தான் கடைக்கு வந்தது. மனிதருக்குக் கொடுக்க அனுமதி 1954இல் கிடைத்தது, மறு வருடம் மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கும் கொடுத்தார்கள். உன் நோயாளியின் மகன் செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு, “எங்கம்மாவுக்கு எலி பாஷாணமா கொடுக்கிறீங்க?” என்று சண்டைக்கு வந்தால் இந்தக் கதையைச் சொல்லு. அளவுதான் எல்லாம் என்று சொல்லு. அளவைப் பார்க்கத்தான் ஐ.என்.ஆர். என்றும் சொல்லு.

நிறுத்தாதே என்பதைப் பார்க்காமல் செய் என்று எடுத்துக்கொண்டுவிடாதே. ஆபரேஷன் அன்று காலை ஐ.என்.ஆர். கையில் இல்லாமல் கத்தியைத் தொடக் கூடாது. அந்தக் கனடா ஆய்வில் வைத்த எல்லை 3.0, உலோக வால்வு இருந்தால் 3.5. அதற்கு மேல் இருந்தால் தள்ளிப்போடு, ஒன்றிரண்டு வேளை மாத்திரையைக் குறைத்துத் திரும்பப் பார். அவசரப்பட்டு வைட்டமின் கே-யை அள்ளிக் கொடுக்காதே. கொடுத்தால் பிறகு பல நாள் மாத்திரை வேலை செய்யாது, உலோக வால்வுக்காரருக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. இதயத்தில் முழு அடைப்போடு வந்து ஐ.என்.ஆர். 6 இருந்தால் அல்ட்ராசவுண்ட் பார்த்துத் தற்காலிக வயர் போட்டு, இறங்கும்வரை காத்திரு. நிரந்தர சாதனம் இரண்டு நாள் தாமதமாவதால் குடிமுழுகிப் போகாது.

ஐ.என்.ஆர். திடீரென்று ஏறியிருந்தால் காரணத்தைத் தேடு. பல்வலிக்குப் பக்கத்துக் கிளினிக்கில் மெட்ரோனிடசோல் கொடுத்திருப்பார்கள். படர்தாமரைக்கு ஃப்ளூகோனசோல் விழுங்கியிருப்பார். திடீரென்று இறங்கியிருந்தால் காசநோய்க்கு ரிஃபாம்பிசின் ஆரம்பித்திருக்கிறார்களா என்று கேள். நம் ஊரில் இது அபூர்வமில்லை. மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போட்டுக்கொண்டு வருபவரிடம் ஐ.என்.ஆர். சரியாகத்தான் இருக்கும், ரத்தம் மட்டும் நிற்காது. கீரையே தொடக் கூடாது என்று பயமுறுத்தி அனுப்புகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. முருங்கைக்கீரை வாரம் இரண்டு நாள் சாப்பிடுகிறவர் வாரம் இரண்டு நாள் சாப்பிடட்டும், மாத்திரையை நாம் அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். மூன்று மாதம் விட்டுவிட்டு ஒரே வாரத்தில் கட்டுக்கட்டாகச் சாப்பிட்டால்தான் தொல்லை.

இன்னொரு விஷயம், இது அசிட்ரோமுக்கே உரியது. வார்ஃபரின் உடம்பை விட்டு மெதுவாகப் போகும், அசிட்ரோம் வேகமாகப் போகும். ஆகவே நம் நோயாளி இரண்டு வேளை தவறவிட்டாலே ஐ.என்.ஆர். நீ நினைப்பதைவிட வேகமாகச் சரியும். கனடாக்காரருக்கு ஐந்து நாள் என்று எழுதிய அட்டவணையை இங்கே அப்படியே கொண்டுவந்து ஐந்து நாள் நிறுத்துகிறவர்கள், நோயாளியை அதில் பல நாள் காரணமே இல்லாமல் பாதுகாப்பின்றி விடுகிறார்கள்.

எல்லோருக்கும் ஒரே விதியா? இல்லை. வால்வுக் கோளாறு இல்லாத, பக்கவாத ஆபத்து குறைவான ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்காரர் ஒருவர் வார்ஃபரின் எடுத்தால், சில நாள் நிறுத்தினாலும் பெரிய கேடில்லை. ஹெப்பாரின் மட்டும் வேண்டாம். 2015இல் வந்த ‘பிரிட்ஜ்’ ஆய்வில் பலவிதமான அறுவைகளுக்காக வார்ஃபரினை நிறுத்திய 1,884 பேரைப் பார்த்தார்கள். ஊசி போடாதவர்களில் கட்டி வந்தது நூற்றுக்கு 0.4, போட்டவர்களில் 0.3. பெரிய ரத்தப்போக்கோ 1.3க்கு எதிராக 3.2. ஊசியால் கிடைத்த லாபம் ஒன்றுமில்லை, நஷ்டம் இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் அந்த ஆய்வில் உலோக வால்வுக்காரர்களைச் சேர்க்கவே இல்லை என்பதை மறந்துவிட்டு அந்த அம்மாவுக்கு அதைப் பொருத்தினால் நீ தவறு செய்தவனாவாய்.

டாபிகாட்ரான், ரிவரோக்ஸபான், அபிக்ஸபான் போன்ற புது மாத்திரைகளைப் பற்றியும் கேட்டிருந்தாய். அதே கனடாக் குழு 2018இல் இரண்டாவது ஆய்வை வெளியிட்டது. 662 பேர். பாதிப் பேர் மாத்திரையை ஆபரேஷன் நாள் காலையிலும் விழுங்கினார்கள், மறு பாதியினர் சில நாள் நிறுத்தினார்கள். பாக்கெட்டில் ரத்தம் தேங்கியது இருபுறமும் ஏழேழு பேருக்கு, நூற்றுக்கு 2.1. சரிசமம். ஆகவே இங்கே உனக்கு இரண்டு வழியும் திறந்திருக்கிறது. சாதாரண நோயாளிக்கு நான் நிறுத்துகிறேன், ஆபத்து கூடுதலானவருக்கு விடாமல் கொடுக்கிறேன். நிறுத்தும்போது சிறுநீரகத்தைப் பார். டாபிகாட்ரானில் எண்பது சதவீதம் அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது, கிரியாட்டினின் ஏறியவரிடம் இரண்டு நாள் போதாது. அபிக்ஸபானுக்கு அவ்வளவு கவலை இல்லை. புது மாத்திரைக்கும் இடையில் ஹெப்பாரின் கொடுக்கும் ஆட்களை இன்னும் பார்க்கிறேன். சில மணி நேரத்தில் வேலை செய்து சில மணி நேரத்தில் விலகும் மருந்துக்கு அதே குணமுள்ள இன்னொரு மருந்தை முட்டுக் கொடுப்பது என்ன தர்க்கம் என்று எனக்கு விளங்கவில்லை.

மாத்திரை மாற்றும் ஆசையும் உனக்கு வரும். ஐ.என்.ஆர். தொல்லையே வேண்டாம், அந்த அம்மாவைப் புது மாத்திரைக்கு மாற்றிவிட்டால் என்ன என்று. கூடவே கூடாது. உலோக வால்வில் டாபிகாட்ரானைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2012இல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. கட்டியும் கூடியது, ரத்தப்போக்கும் கூடியது. வால்வு மாற்றாத ருமாட்டிக் நோயாளிக்கும் இப்போது விடை இருக்கிறது. ‘இன்விக்டஸ்’ ஆய்வு, 2022. இந்தியா உள்ளிட்ட 24 நாடுகளில் நாலாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்டவர்கள். ரிவரோக்ஸபானைவிடப் பழைய வார்ஃபரின் வகை மாத்திரை எடுத்தவர்களிடம் சாவு குறைவு. பணக்கார நாடுகள் மறந்துபோன நோய்க்கு இவ்வளவு பெரிய ஆய்வு நடந்ததே பெரிது. ருமாட்டிக் காய்ச்சல் நம் ஊரில் குறைந்து வருகிறது, ஆனால் முப்பது வருடத்துக்கு முன் காய்ச்சல் வந்த சிறுமிகள் இன்று நம் ஓ.பி.யில் பாட்டிகளாக வரிசையில் நிற்கிறார்கள். அவர்களில் பலரின் மார்பில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிறுவனம் உருவாக்கி 1990இல் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட வகை வால்வு ஓடிக்கொண்டிருக்கும். உன் வேலையில் பெரும்பகுதி இவர்களோடுதான்.

ஈகோஸ்பிரின் (ஆஸ்பிரின்), க்ளோபிடோக்ரெல் பற்றிச் சுருக்கமாக. கனடாவின் இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தபோது, உறைவுத் தடுப்பு மாத்திரையோடு இவற்றையும் எடுத்தவர்களுக்கு ரத்தம் தேங்குவது ஏறக்குறைய இரட்டிப்பானது. நீ தேட வேண்டிய இடம் இதுதான். அசிட்ரோமை நிறுத்தலாமா என்று மண்டையைக் குடைந்துகொள்ளும் நேரத்தில், எட்டு வருடத்துக்கு முன் வைத்த ஸ்டென்ட்டுக்காக யாரும் நிறுத்த நினைக்காமல் ஓடிக்கொண்டிருக்கும் ஈகோஸ்பிரின் தேவைதானா என்று கேள். பல சமயம் தேவையிருக்காது. ஸ்டென்ட் வைத்து ஒரு மாதம்தான் ஆகிறது என்றால் அது வேறு கதை. தள்ளிப்போடக்கூடிய சாதனமானால் தள்ளிப்போடு, முடியாவிட்டால் எதையும் நிறுத்தாமல் மிகக் கவனமாகச் செய்.

மாத்திரையைப் பற்றி இவ்வளவு பேசினேன். உண்மையில் பாக்கெட்டைக் காப்பது உன் கை. தோலுக்கடியில் சரியான தளத்தைக் கண்டுபிடித்துப் பெக்டோரல் தசையின் உறைக்கு மேலேயே பிரி. தசைக்குள் விரல் போனால் கசிவு ஆரம்பம். பாக்கெட்டைப் பெட்டிக்கு அளவாக வெட்டு, கர்ச்சீப் மடித்து வைக்கிற இடம் தேவையில்லை. சிரை பிடிக்கும்போது செஃபாலிக் கிடைத்தால் அதையே எடு, கண்ணால் பார்த்துக் கட்டலாம். கிடைக்காவிட்டால் அல்ட்ராசவுண்ட் வைத்து ஆக்ஸிலரி. கழுத்தெலும்புக்குப் பின்னால் குருட்டுக் குத்தாகக் குத்தித் தமனியில் ஊசி பட்டால் அங்கே அமுக்கக்கூட இடம் கிடையாது, மாத்திரை ஓடும் நோயாளியிடம் அது பெரிய வினை. மரத்துப்போகப் போடும் ஊசியில் அட்ரினலின் கலக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. நான் கலப்பதில்லை. அந்த நேரத்துக்கு நாளம் சுருங்கி எல்லாம் உலர்ந்து தெரியும், மருந்து இறங்கியபின் கசியும். முதல் வயரை உள்ளே அனுப்பிய சந்தோஷத்தில் அவசரமாக மூடாதே. பெட்டியை வைப்பதற்கு முன் பாக்கெட்டில் ஈரக் காஸ் வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார், பிறகு எடுத்துப் பார். சிவந்த இடம் ஒன்றையும் விடாதே. மேலே போடும் பிரஷர் கட்டின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. உள்ளே சரியாக நிறுத்தாத ரத்தத்தை வெளியிலிருந்து பிளாஸ்டர் நிறுத்தாது, தோல் கொப்பளிப்பதுதான் மிச்சம். நர்ஸ்கள் கேட்டால் ஒரு நாள் போட்டுக்கொள்ளட்டும்.

இத்தனைக்குப் பிறகும் சிலருக்கு வீங்கும். அப்போது ஒன்றே ஒன்றைச் செய்யாதே. ஊசியை எடுத்து உறிஞ்சாதே. வார்டில் யாராவது ஒரு பயிற்சி டாக்டர் 18 நம்பர் ஊசியோடு உதவிக்கு வருவார், அவரைத் தடு. உறைந்த ரத்தம் ஊசியில் வராது. கிருமி மட்டும் உள்ளே போகும். வீக்கத்தின் ஓரத்தைப் பேனாவால் வரைந்து நேரத்தை எழுதிவை. கோட்டைத் தாண்டுகிறதா என்று ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை பார். தோல் பளபளவென்று இறுகினாலோ, வலி தாங்க முடியாமல் போனாலோ, தையல் பிரிந்தாலோ, கண்ணெதிரே பெரிதானாலோ, ஆபரேஷன் தியேட்டரில் முழுச் சுத்தத்தோடு திற. மற்றபடி கை வைக்காமல் காத்திருப்பதுதான் சிகிச்சை. உறவினர்களுக்கு அது சிகிச்சையாகத் தெரியாது. விளக்கிச் சொல்வது உன் வேலை.

எச்சரிக்கை ஒன்று. இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு எல்லா ஆபரேஷனுக்கும் மாத்திரை ஓடலாம் என்று முடிவு கட்டாதே. நாம் வெட்டுவது தோலுக்கடியில், கசிந்தால் கண்ணுக்குத் தெரியும், கையால் அமுக்கலாம். முதுகுத்தண்டில் ஊசி போட்டு மரக்கவைப்பவரிடம் அதே நியாயம் செல்லாது. அங்கே கசிந்தால் கால் இரண்டும் போய்விடும். பக்கத்துத் தியேட்டரில் முட்டி மாற்றும் நண்பருக்கு நம் புள்ளிவிவரத்தைக் கொடுத்துக் கெடுத்துவிடாதே.

ஆய்வுகளில் வராத ஒரு தொல்லையைச் சொல்ல வேண்டும். நம் ஊரில் மாத்திரையை நிறுத்துவது பெரும்பாலும் டாக்டர் இல்லை. ஆபரேஷன் என்றதும் ரத்த மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும்: மருந்துக்கடைக்காரருக்கு, மூத்த மருமகளுக்கு, முன்பு வால்வு மாற்றிக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரருக்கு. நீ ஒன்றும் சொல்லாவிட்டால் அவர்கள் சொல்லிவிடுவார்கள். போதாததற்கு ஆபரேஷன் தேதி நகரும். காப்பீட்டுத் திட்டத்தின் அனுமதி வரவில்லை, கேத் லேப் மெஷின் ரிப்பேர், சாதனம் இன்னும் சென்னையிலிருந்து வரவில்லை. திங்கட்கிழமைக்காக மாத்திரையை நிறுத்தியவர் அடுத்த வியாழன்வரை மாத்திரை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பார், யாரும் திரும்ப ஆரம்பிக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஓ.பி. சீட்டில் பெரிய எழுத்தில் தமிழில் எழுது: “அசிட்ரோமை நிறுத்தக் கூடாது. ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரியும் போட வேண்டும்.” வாயால் சொல்லு, திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேள். “ராத்திரி மாத்திரை போடுவீங்களாம்மா?” என்று கேட்டால் தலையாட்டிவிடுவார்கள். “ராத்திரி எந்த மாத்திரை போடுவீங்க, காட்டுங்க” என்று கேட்டால்தான் விஷயம் தெரியும்.

டிஸ்சார்ஜ் சம்மரியையும் நீயே எழுது. “பழைய மருந்துகளைத் தொடரவும்” என்ற ஒற்றை வரி எத்தனை பேரை அடித்துப்போட்டிருக்கிறது என்று நியூராலஜி நண்பர்களைக் கேட்டுப் பார். மாத்திரையின் பெயர், மில்லிகிராம், எந்த வேளை, அடுத்த ஐ.என்.ஆர். எந்தத் தேதியில், எந்த லேபில். முடிந்தவரை ஒரே லேபில் பார்க்கச் சொல். லேபுக்கு லேப் எண் மாறினால் டோஸை ஏற்றி இறக்கி நோயாளியை அலைக்கழிப்போம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒரு நோட்டு வாங்கி, நீ பொருத்தும் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு வரி எழுது: என்ன மாத்திரை, நிறுத்தினாயா, அன்றைய ஐ.என்.ஆர்., பாக்கெட் எப்படி இருந்தது. ஒரு மாதம் கழித்து எல்லோருக்கும் போன் செய், உன்னிடம் திரும்பி வராதவர்களுக்கு முக்கியமாக. பாக்கெட்டில் ரத்தம் தேங்கியதை மட்டும் எழுதாதே, பக்கவாதம் வந்ததா, வால்வு அடைத்ததா என்றும் எழுது. அப்போதுதான் இரண்டு பக்கக் கணக்கும் உன் நோட்டில் இருக்கும். வருடக் கடைசியில் அந்த எண்களை எனக்கு அனுப்பு. உன் பெரியவருக்கும் ஒரு பிரதி கொடு.

அன்புடன்,
உன் பழைய ஆசிரியர்